விமானி வேலைக்கு விண்ணப்பித்த பிறகு: எப்போது, யாரிடம், எதை எழுதிக் கேட்பது

விமான நிறுவனத்தின் இணையவாசலில் விண்ணப்பத்தை நிரப்பி, உரிமத்தின் நகலையும் மருத்துவச் சான்றிதழையும் பதிவேற்றி முடித்த சில நொடிகளில், ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது’ என்று ஒரு தானியங்கி மின்னஞ்சல் வரும். அதன் பின் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், ஒன்றுமே வராது. சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் முதலில் பயிற்சி பெறுபவனாகவும் பிறகு பயிற்றுநராகவும் இருந்த ஆண்டுகளில், நம் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இந்த இடைவெளியைப் பற்றியதுதான்: “அண்ணா, மறுபடி எழுதிக் கேட்கலாமா, கேட்டால் தொல்லை என்று நினைத்துவிடுவார்களா?” கேட்கலாம் என்பதே என் பதில். ஆனால் எழுதும் ஒவ்வொரு முறையும், முன்பு அவர்களிடம் இல்லாத ஒரு தகவலாவது அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். ‘என் விண்ணப்பம் என்ன ஆயிற்று’ என்று மட்டும் கேட்கும் கடிதத்தைப் படிப்பவர் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. மணிநேரம் கூடியது, உரிமம் புதுப்பிக்கப்பட்டது, பணியில் சேரக்கூடிய தேதி மாறியது என்று சொல்லும் கடிதத்தைப் பெற்றவருக்கோ, உங்கள் கோப்பைத் திறந்து திருத்துவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

பதில் வராததற்கு என்ன காரணம்

அலுவலக வேலைக்கு ஆள் எடுப்பதைப் போல விமானிகளை ஒருவர் ஒருவராக எடுப்பதில்லை. எத்தனை விமானங்கள் எந்த மாதத்தில் வந்து சேரும், எத்தனை துணை விமானிகள் கேப்டன்களாக உயர்வார்கள், எத்தனை பேர் ஓய்வுபெறுவார்கள் என்று கணக்கிட்டு, அதற்கேற்பப் பயிற்சி வகுப்புகளைத் திட்டமிட்டு, அந்த வகுப்புகளில் உள்ள இடங்களுக்கே ஆள் எடுக்கிறார்கள். வகுப்பின் அளவைத் தீர்மானிப்பவை பயிற்றுநர்களின் எண்ணிக்கையும், விமானி அறையைப் போலவே அமைந்த பயிற்சிக் கருவியான சிமுலேட்டரில் (சுருக்கமாக ‘சிம்’) கிடைக்கும் நேரமுமாகும். 2016இல் சிலேத்தாரில் திறக்கப்பட்ட ஏர்பஸ் ஆசியப் பயிற்சி நிலையத்தைப் போன்ற இடங்களில் பல நிறுவனங்களின் விமானிகள் மாறி மாறிப் பயிற்சி பெறுவதால், ஒரு நிறுவனம் தான் விரும்பிய நாளில் விரும்பிய அளவு சிம் நேரத்தைப் பெற்றுவிட முடியாது. ஆகவே, தேர்வுக் குழு உங்கள் விவரங்களைப் பார்த்து ‘இவர் தகுதியானவர்’ என்று குறித்துவைத்த பிறகும், அடுத்த வகுப்பு உறுதியாகும்வரை உங்களுக்குச் சொல்வதற்கு அவர்களிடம் எதுவும் இல்லாமல் இருக்கலாம்.

இந்த ஏற்பாட்டில் விண்ணப்பதாரருக்குச் சாதகமான ஒரு நுணுக்கம் உண்டு. விமான ரகத்துக்கான பயிற்சியில் சிமுலேட்டரில் இருவர் இணையாகவே அமர்கிறார்கள். வகுப்பு தொடங்கும் நேரத்தில் ஒருவர் மருத்துவக் காரணத்தாலோ வேறு வேலை கிடைத்ததாலோ விலகிவிட்டால் அவருடைய இணை தனித்து நிற்பார். காலியான இருக்கையைச் சில நாட்களுக்குள் நிரப்ப வேண்டிய நெருக்கடி பயிற்சிப் பிரிவுக்கு ஏற்படும். அந்த வேளையில் பட்டியலில் உள்ளவர்களில் யாருடைய ஆவணங்கள் இன்றைய தேதிக்குச் செல்லுபடியாகின்றன, யார் விரைவில் வந்து சேர முடியும் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ‘இரண்டு வார முன்னறிவிப்பில் சேர இயலும்’ என்று எழுதிவைத்த ஒரே வரி, அப்படிப்பட்ட நாளில் பெரிதும் உதவும்.

சந்தையின் நிலவரத்தையும் அறிந்துகொண்டே எழுத வேண்டும். 2020 செப்டம்பரில் எஸ்ஐஏ எனப்படும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் ஏறத்தாழ 4,300 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்த காலத்தில், எவ்வளவு அழகாக எழுதினாலும் புதியவருக்கு இடமிருந்திராது. 2024 மே மாதத்தில் ஸ்கூட் தன் முதல் எம்ப்ரேயர் இ190-இ2 விமானத்தைச் சேவையில் இறக்கியபோது, அதற்கு முன் அந்த நிறுவனத்தில் இல்லாத ஒரு ரகத்துக்கு விமானிகள் தேவைப்பட்டார்கள். 2025 ஜூலை 31ஆம் தேதி ஜெட்ஸ்டார் ஏஷியா தன் சேவையை நிறுத்தியபோது 500க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். அந்த நிறுவனம் ஏ320 ரக விமானங்களை இயக்கியதால், அந்த ரகத்தில் ஆயிரக்கணக்கான மணிநேரம் பறந்தவர்களும் அதே மாதங்களில் வேலை தேடும் வரிசைக்கு வந்தார்கள். இருநூற்றைம்பது மணிநேரம் வைத்திருந்த புதியவருக்கு அப்போது பதில் வரவில்லையென்றால் அவரிடம் குறை இருந்தது என்று பொருளில்லை. புதிய விமானங்களின் வருகை, புதிய வழித்தடங்கள், நிறுத்தப்படும் சேவைகள் ஆகியவற்றைப் பற்றிய செய்திகளைப் படிப்பதும் பின்தொடரும் வேலையின் ஒரு பகுதியே; எந்த மாதத்தில் எழுதலாம் என்பதை அவையே பெரும்பாலும் காட்டிவிடும்.

விண்ணப்பித்த அன்றே குறித்துவைக்க வேண்டியவை

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகமோ எக்செல் அட்டவணையோ போதும். நிறுவனம், பதவியின் சரியான பெயர், விண்ணப்ப எண், அனுப்பிய தேதி, விளம்பரத்தின் கடைசித் தேதி, எந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து பதிவு செய்தீர்கள் என்பது, அனுப்பிய சுயவிவரத்தின் நகல் ஆகியவற்றை அதில் வையுங்கள். விளம்பரத்தையும் அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடைசித் தேதி முடிந்ததும் அந்தப் பக்கம் காணாமல் போய்விடும். ஆறு மாதம் கழித்து நேர்முகத்துக்கு அழைக்கும்போது எந்தத் தகுதிகளைக் கேட்டிருந்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அன்றைய தேதியில் உங்கள் லாக்புக்கில், அதாவது பறப்பு நேரப் பதிவேட்டில், இருந்த கணக்கு. மொத்தப் பறப்பு நேரம், பொறுப்பு விமானியாகப் பறந்த நேரம், இரட்டை எஞ்சின் விமானத்தில் பறந்த நேரம், கருவிவழிப் பறப்பு (வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டே பறப்பது), இரவுப் பறப்பு, கடைசிப் பன்னிரண்டு மாதங்களில் பறந்தது எனத் தனித்தனியாக எழுதிவையுங்கள். பின்னால் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் வரும் எண்கள் இந்த எண்களிலிருந்து தொடங்கி ஒழுங்காக ஏற வேண்டும். மார்ச் மாதத்தில் 380 மணி என்று எழுதியவர் மே மாதத்தில் 372 என்று எழுதினால், அது கூட்டல் பிழையாகவே இருந்தாலும், நேர்முகத்தில் லாக்புக்கை விரித்துவைத்துக் கேட்பார்கள். சிமுலேட்டர் நேரத்தை மொத்தத்தில் சேர்த்தீர்களா இல்லையா என்பதில்தான் இத்தகைய குழப்பம் பெரும்பாலும் தொடங்குகிறது. அதைத் தனி வரியாகக் காட்டிவிடுவது நல்லது.

நம்மவர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கல் பெயர். சிங்கப்பூர் அடையாள அட்டையில் ‘எஸ்/ஓ’ அல்லது ‘டி/ஓ’ போட்டுத் தந்தை பெயருடன் அச்சாகியிருக்கும். விண்ணப்பப் படிவமோ குடும்பப் பெயர் எது என்று கேட்டு, அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. ஒருவர் தந்தை பெயரை அங்கே போடுகிறார். இன்னொருவர் தன் பெயரையே இரண்டு கட்டங்களிலும் போடுகிறார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவருடைய கடவுச்சீட்டில் முன்னெழுத்து விரிந்து ஒரு வடிவத்திலும், இந்திய உரிமத்தில் வேறொரு வடிவத்திலும் இருக்கிறது. பிறகு மின்னஞ்சல் அனுப்பும்போது நண்பர்கள் கூப்பிடும் பெயரில் கையெழுத்திட்டால், மனிதவளப் பிரிவில் இருப்பவர் தேடும்போது கோப்பு கிடைக்காது. விண்ணப்பத்தில் எந்த வடிவத்தைப் பயன்படுத்தினீர்களோ அதே வடிவத்தையே எல்லாக் கடிதங்களிலும் பயன்படுத்துங்கள். உரிமத்தில் உள்ள பெயர் வேறுபட்டால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

எப்போது எழுதுவது

இங்குள்ள விளம்பரங்களில் பெரும்பாலானவை, பட்டியலில் தேர்வானவர்களுக்கு மட்டுமே தகவல் தெரிவிக்கப்படும் என்ற வரியோடு முடியும். அதைப் படித்துவிட்டு இனி வாயைத் திறக்கவே கூடாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தேர்வாகாத ஒவ்வொருவருக்கும் பதில் எழுத அவர்கள் கடமைப்படவில்லை என்பதே அந்த வரியின் பொருள். கடைசித் தேதி முடிந்து இரண்டு அல்லது மூன்று வாரங்கள் கழித்து ஒரு முறை எழுதிக் கேட்பதில் தவறில்லை. கடைசித் தேதி இல்லாமல் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் விளம்பரமாக இருந்தால் விண்ணப்பித்து நான்கு வாரங்கள் கழித்து எழுதலாம். அதற்குப் பதில் வரவில்லையென்றால், அடுத்த கடிதத்துக்கான நாளை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; சொல்வதற்குப் புதிய தகவல் வரும்வரை காத்திருங்கள். நடைமுறையில் அது இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை என்று அமையும்.

நான் இதைத் தெரியாமல் செய்து கெடுத்தவன். முதல் விண்ணப்பத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். மூன்றிலும் ஒரே கேள்வி. சில ஆண்டுகள் கழித்து வேறோர் இடத்தில் ஆள் எடுக்கும் பணியில் உதவ உட்கார்ந்தபோதுதான், அப்படிப்பட்ட கடிதங்கள் மறுமுனையில் எப்படித் தெரியும் என்பது புரிந்தது. ஒரே பெயர் வரிசையாக மூன்று முறை வந்தால் படிப்பவர் மூன்றையும் ஒன்றாகத் தள்ளி வைப்பார்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரமும் அதைத் தொடர்ந்த வாரமும், டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஆண்டு முடியும்வரையிலான நாட்களும் பலர் விடுப்பில் போகும் காலம் என்பதால் அப்போது எழுதாமல் இருப்பது நல்லது.

பயிற்சி விமானித் திட்டத்துக்கு விண்ணப்பித்தவர்களின் நிலை சற்று வேறு. பறந்த அனுபவமே இல்லாமல் விண்ணப்பிப்பவரிடம் மணிநேரக் கணக்கு இருக்காது. அவர் சொல்லக்கூடிய புதிய தகவல்கள், தேர்வு முடிவு வந்தது, பட்டம் பெற்றது, முழுநேரத் தேசிய சேவை (சிங்கப்பூர் இளைஞர்களுக்கான கட்டாயச் சேவை) முடியும் தேதி உறுதியானது போன்றவையாக இருக்கும். தேசிய சேவையில் இருக்கும்போதே விண்ணப்பித்த தம்பிகள், சேவை முடியும் நாளை முதல் கடிதத்திலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும். வகுப்புத் திட்டத்தில் உங்களை எங்கே பொருத்தலாம் என்பதை அந்தத் தேதியை வைத்தே அவர்கள் கணக்கிட முடியும்.

என்ன எழுதுவது

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். இருந்தாலும் அதன் உள்ளடக்கத்தை முதலில் தமிழில் யோசித்துப் பார்ப்பது நல்லது. எது தேவை, எது வெற்று மரியாதை என்பது அப்போது பளிச்சென்று தெரியும். பொருள் வரியில் பதவியின் பெயரும் விண்ணப்ப எண்ணும், என்ன மாறியிருக்கிறது என்பதும் இருக்கட்டும். உடல் பகுதி இந்த அளவில் இருந்தால் போதும்:

“வணக்கம். மார்ச் 3ஆம் தேதி மேற்கண்ட எண்ணில் துணை விமானி பணிக்கு விண்ணப்பித்தேன். அதன் பின் என் விவரங்களில் இரண்டு மாற்றங்கள் ஏற்பட்டுள்ளன. ஏப்ரல் 30 வரை என் மொத்தப் பறப்பு நேரம் 412 மணி. அதில் இரட்டை எஞ்சின் விமானத்தில் பறந்தது 46 மணி. முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழைப் புதுப்பித்துள்ளேன். அது அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை செல்லும். இரண்டையும் இணையவாசலில் சேர்த்துவிட்டேன். நான் சிங்கப்பூர்க் குடிமகன். முழுநேரத் தேசிய சேவையை முடித்துவிட்டேன். இப்போதைய வேலையிலிருந்து ஒரு மாத முன்னறிவிப்பில் விலக இயலும். விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் உள்ளதா, வேறு ஆவணம் ஏதும் தேவையா என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் விமானத்தின்மேல் உள்ள ஆசையைப் பற்றியோ, சிறுவயதில் சாங்கிக் கடற்கரையில் நின்று விமானங்களைப் பார்த்ததைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அதை முதல் விண்ணப்பத்தில் சொல்லிவிட்டீர்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கித் ‘தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்’ என்று முடியும் பழைய மனு நடையை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் பழக்கம் நம்மிடையே, குறிப்பாக ஊரில் படித்துவிட்டு வந்தவர்களிடையே, இன்னும் இருக்கிறது. இங்குள்ள அலுவலகங்களில் அது மரியாதையாகப் படாது. பயந்த சுபாவமாகத்தான் படும். முதல் பெயரைச் சொல்லி எழுதினாலே போதும். கேப்டன் ஒருவருக்கு எழுதினால் மட்டும் ‘கேப்டன்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்களையெல்லாம் இணைத்து அனுப்புவது தேவையில்லை. அடையாள அட்டை, கடவுச்சீட்டு போன்றவற்றின் நகல்களை மின்னஞ்சலில் அனுப்பாமல் இணையவாசலில் மட்டும் பதிவேற்றுவது உங்கள் பாதுகாப்புக்கும் நல்லது.

எவையெல்லாம் எழுதத் தகுந்த மாற்றங்கள்? பத்து மணிநேரம் கூடியது செய்தியாகாது. நூறு மணிநேரம் கூடினால், அல்லது விளம்பரத்தில் கேட்ட குறைந்தபட்ச எண்ணைத் தாண்டினால், அது செய்தி. போக்குவரத்து விமானி உரிமத்துக்கு ஐகாவோ எனப்படும் அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதிக்கும் 1,500 மணிநேரத்தை எட்டியது பெரிய செய்தி. கருவிவழித் தகுதியைப் புதுப்பித்தது, பலர் இணைந்து இயக்கும் விமானங்களுக்கான ஒத்துழைப்புப் பயிற்சியை முடித்தது, பயிற்றுநர் தகுதி பெற்றது ஆகியவையும் எழுதலாம். ஆங்கில மொழித் திறனில் ஐகாவோ ஆறு நிலைகளை வகுத்திருக்கிறது. பன்னாட்டுச் சேவைக்கு நான்காம் நிலையாவது வேண்டும். நான்காம் நிலையில் இருப்பவர் மூன்றாண்டுகளுக்கு ஒரு முறை மறுபடி சோதிக்கப்பட வேண்டும் என்பதும், ஆறாம் நிலைக்கு மறுசோதனை தேவையில்லை என்பதும் பரவலான நடைமுறை. ஆகவே நிலை உயர்ந்திருந்தால் சொல்லுங்கள், காலாவதியாகப் போகிறதென்றால் அவர்கள் கண்டுபிடிப்பதற்குமுன் புதுப்பித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சாதகமில்லாத மாற்றங்களையும் மறைக்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டிருந்தால், அழைப்பு வரும்வரை பேசாமல் இருந்துவிட்டு அன்றைக்குச் சொல்வதைவிட, எப்போது மறுபரிசோதனை என்ற தேதியுடன் முன்கூட்டியே எழுதுவது மேல். தோல்வியடைந்த பறப்புச் சோதனையும் அப்படித்தான்; கேட்கும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுங்கள். விமானிகள் வட்டம் இந்தத் தீவில் மிகச் சிறியது.

தெரிந்தவர் மூலம் சொல்லி வைப்பது

சிராங்கூன் சாலைக் கோயிலிலோ உறவினர் திருமணத்திலோ, “எங்கள் மாமா சாங்கியில்தான் இருக்கிறார், அவரிடம் சொல்லி வைக்கிறேன்” என்று ஒருவராவது சொல்லாமல் இருக்க மாட்டார். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் சரக்குப் பிரிவிலோ பொறியியல் பிரிவிலோ இருக்கும் அந்த மாமாவால் விமானித் தேர்வுக் குழுவிடம் எதுவும் செய்ய முடியாது. அவர் முயன்றால் உங்கள் பெயர் விரும்பத்தகாத காரணத்துக்காக நினைவில் நிற்கும்.

விமானியாகவே பணிபுரிபவர் ஒருவரைத் தெரியுமென்றால் அவரிடம் பரிந்துரை கேட்பதற்கு முன்னால் தகவல் கேளுங்கள். “அங்கிள், எனக்காகக் கொஞ்சம் சொல்லுங்கள்” என்று தொடங்கினால் அவர் சங்கடப்படுவார். “அங்கிள், உங்கள் நிறுவனத்தில் இப்போது எந்த ரக விமானத்துக்கு வகுப்பு நடக்கிறது? சிம் சோதனையில் எதை அதிகம் பார்க்கிறார்கள்?” என்று கேட்டால், அவர் அரை மணிநேரம் விருப்பத்தோடு பேசுவார். அந்தப் பேச்சில் கிடைக்கும் ஒரு தகவலால், உங்கள் அடுத்த கடிதம் எப்போது போக வேண்டும் என்பது தெரியும். ஊழியர்கள் ஆள் பரிந்துரைக்கும் முறை அவர் நிறுவனத்தில் இருந்தால் அவரே சொல்வார். அப்போது உங்கள் விண்ணப்ப எண்ணைக் கொடுங்கள், போதும்.

லிங்க்ட்இன்னில் தேர்வுப் பிரிவில் இருப்பவரைத் தேடிப்பிடித்து எழுதலாம், ஆனால் ஒரு முறைதான். யாரோ கொடுத்த சொந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப வேண்டாம். இரட்டைப்படை ஆண்டுகளின் பிப்ரவரியில் சாங்கி கண்காட்சி மையத்தில் நடக்கும் சிங்கப்பூர் விமானக் கண்காட்சிக்குப் போய் நிறுவனத்தின் பிரதிநிதியிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால், மறுநாள் அனுப்பும் கடிதத்தில் அந்தப் பேச்சைக் குறிப்பிடுவது முற்றிலும் முறையானது. தொலைபேசியில் அழைப்பதைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் எண் கொடுத்திருந்தால் மட்டும் அழையுங்கள்.

வெளிநாட்டு உரிமம் வைத்திருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டிலோ வேறு எங்கோ பயிற்சி பெற்று டிஜிசிஏ எனப்படும் இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் உரிமத்துடன் இங்கே வாய்ப்புத் தேடுபவர்களின் கடிதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இரண்டு விவரங்கள்: சிங்கப்பூரில் வேலை செய்யும் உரிமை எந்த நிலையில் இருக்கிறது, உரிமத்தைச் சிஏஏஎஸ் எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமமாக மாற்றும் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது. குடிமகனா, நிரந்தரவாசியா, வெளிநாட்டவரா என்பதை இரண்டாவது வரியிலேயே சொல்லிவிடுங்கள். வாழ்க்கைத் துணையின் வேலை காரணமாகச் சார்ந்திருப்போர் அட்டையில் இங்கே இருப்பவர்கள், 2021 மே மாதம் முதல் வேலை செய்வதற்குத் தனியாக ஒரு வேலை அனுமதி பெற வேண்டியிருக்கிறது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். ‘ஏற்கெனவே சிங்கப்பூரில்தான் இருக்கிறேன்’ என்று எழுதுவதால் அந்தத் தேவை நீங்காது.

வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிப்பது நிறுவனத்தின் வேலை. சில விலக்குகள் நீங்கலாக, அதற்கு முன் அந்தப் பணியிடத்தை அரசாங்க வேலைவாய்ப்புத் தளமான மைகரியர்ஸ்ஃபியூச்சரில் குறைந்தது 14 நாட்கள் விளம்பரம் செய்து, உள்ளூர் விண்ணப்பதாரர்களை நியாயமாகப் பரிசீலித்திருக்க வேண்டும். வெளிநாட்டவருக்கான பதில் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளூர்க்காரர்களுக்கோ அந்தத் தளம் பின்தொடர்வதற்கு உதவும் கருவி: நீங்கள் முன்பு விண்ணப்பித்த பதவி அங்கே மறுபடி தோன்றினால், புதிய வகுப்புக்கு ஆள் எடுக்கத் தொடங்கியிருக்கலாம் என்று ஊகிக்கலாம்.

முகவர்களிடம் எச்சரிக்கை தேவை. விண்ணப்பித்த சில வாரங்களில் ‘உங்கள் கோப்பை நகர்த்தித் தருகிறோம்’ என்று தொடர்புகொண்டு பணம் கேட்பவர் உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தவராக இருக்கவே வாய்ப்பில்லை. வேலைவாய்ப்பு முகவர் நிறுவனங்கள் மனிதவள அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வேலை தேடுபவரிடம் அவை வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு, ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேற்படக் கூடாது. சந்தேகம் வந்தால் அமைச்சின் இணையத்தளத்தில் உரிம எண்ணைத் தேடிப் பாருங்கள், அல்லது மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799ஐ அழையுங்கள்.

நேர்முகத்துக்கும் சிம் சோதனைக்கும் பிறகு

நேர்முகம் முடிந்த மறுநாள் இரண்டு வரியில் நன்றி எழுதினால் போதும். அங்கே தவறாகச் சொன்ன பதிலை இப்போது திருத்தி விளக்கம் எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். புறப்படும்போதே, “முடிவை எப்போது எதிர்பார்க்கலாம்?” என்று கேட்டு வைத்திருந்தால், அந்தத் தேதி கடந்து ஒரு வாரம் ஆன பிறகு எழுதுவதற்கு உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கும். கேட்க மறந்திருந்தால் மூன்று வாரம் பொறுத்திருங்கள்.

தேர்வாகவில்லை என்று பதில் வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம்? ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் பல நிறுவனங்கள் பதில் சொல்வதில்லை. சொல்லும் நிறுவனங்களும் பொதுவான வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளும். மறுவிண்ணப்பத்துக்கான இடைவெளி நிறுவனத்துக்கு நிறுவனம், தேர்வின் கட்டத்துக்குக் கட்டம் மாறும். அந்த இடைவெளி முடிந்ததும் பழைய விண்ணப்பத்தைத் தொடர்ந்து கேட்காமல் புதிதாகவே விண்ணப்பியுங்கள். தேவை முடிந்த தனிநபர் தரவுகளைத் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்பது 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. ஆகவே ஓராண்டு, ஈராண்டுக்கு முந்தைய கோப்பு அவர்களிடம் இல்லாமலே போயிருக்கலாம்.

காத்திருக்கும் மாதங்களில் பறப்பதை விட்டுவிட்டால், அடுத்த கடிதத்தில் எழுத எதுவும் இருக்காது. பயணிகளை ஏற்றிப் பறக்கக் கடந்த 90 நாட்களில் மூன்று முறையாவது மேலேற்றமும் தரையிறக்கமும் செய்திருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் பொதுவான விதி. அந்த அளவையாவது விடாமல் காப்பாற்றிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஒரு மணிநேரம் பறப்பதற்கு ஆகும் செலவை நான் அறிவேன். மாதம் பத்து மணிநேரம் முடியாது என்றால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரட்டை எஞ்சின் விமானத்தில் கருவிவழிப் பயிற்சியாக இரண்டு மணிநேரம் பறப்பது, ஒற்றை எஞ்சினில் காரணமின்றி ஆறு மணிநேரம் சுற்றிவருவதைவிடச் சுயவிவரத்தில் நன்றாகத் தெரியும் என்பது என் கருத்து. பயிற்றுநராகச் சேர்ந்து பறப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஒரு நிறுவனம் வேலை தர முன்வந்து, நீங்கள் அதிகம் விரும்பும் இன்னொரு நிறுவனத்திலிருந்து பதில் வராமல் இருந்தால், அந்த இரண்டாவது நிறுவனத்துக்கு உண்மையை எழுதலாம்: இன்ன தேதிக்குள் ஒரு வாய்ப்புக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குள் உங்கள் பரிசீலனையின் நிலையை அறிய இயலுமா என்று. இல்லாத வாய்ப்பை இருப்பதாக எழுதாதீர்கள். பயிற்சிச் செலவுக்கு ஈடாக இத்தனை ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் இருக்கும் என்பதால், கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு மாறிக்கொள்ளலாம் என்ற கணக்கும் இங்கே செல்லாது.

வேலை உறுதியானதும், விண்ணப்பித்த மற்ற எல்லா நிறுவனங்களுக்கும் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, விலகிக்கொள்வதாக இரண்டு வரி எழுதுங்கள்; இன்று அங்கே கோப்பைப் பார்ப்பவர் ஐந்தாண்டுகள் கழித்து வேறு நிறுவனத்தின் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கக்கூடும். ஆனால் அந்தக் கடிதத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, நிறுவனத்தின் மருத்துவப் பரிசோதனையும் முடிந்த பிறகே அனுப்புங்கள். வாய்மொழிச் சம்மதம் வந்த அன்றே எல்லோருக்கும் விலகல் கடிதம் அனுப்பிய நண்பர் ஒருவர், மருத்துவப் பரிசோதனையில் ஒரு சிறு கேள்வி எழுந்து அவருடைய வகுப்பு தள்ளிப்போனபோது, ஏழு மாதங்கள் கையில் ஒரு விண்ணப்பமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.